பேவர் கல்லில் ஒரு ஷேடு

முதல் சொட்டை நான் பார்க்கவில்லை.
வீட்டுக்காரர் அப்பாண்டைராஜ் பார்த்தார்.
சாம்பல் பேவர் கல், போட்டு நாற்பது நாள்,
ஒரு கல் என்ன விலை என்று
நவல்பூரில் பாதித் தெருவுக்குத் தெரியும்.
"இன்னா சார், என் வாசலைத் தாளிக்கிறியா?" என்றார்.

குனிந்தேன்.
சிப்காட் தோல் கம்பெனியில்
பத்தொன்பது வருஷமாய் ஃபினிஷிங் செக்‌ஷன்.
எனக்குக் கறை தெரியாது, ஷேடுதான் தெரியும்.
நேற்றைய சொட்டு காக்னாக்.
அதற்கு முந்தினது டார்க் டான்.
ஓரமாய்க் காய்ந்து கிடந்தது
இத்தாலிக்காரன் திருப்பி அனுப்புகிற
சரியாய் ஏறாத கறுப்பு.

மாருதி எண்ணூறு, தொண்ணூற்றேழு மாடல்.
எனக்கு முன் மூன்று பேர் ஓட்டியது.
ஆர்.சி. புத்தகத்தில் அதில் ஒருவர் பெயரை எலி தின்றிருந்தது.

பைபாஸ் மெக்கானிக் அடியில் படுத்து எழுந்து
"ரியர் சீல். கியர்பாக்ஸ இறக்கணும். ஏழாயிரம்" என்றான்,
வயிற்றைத் தொடாமலே ஆபரேஷன் சொல்கிற மாதிரி.
வனமயில் கணக்குப் போட்டாள்:
காரை விற்றால் பதினெட்டாயிரம்.
ஏழு போட்டு விற்றாலும் பதினெட்டாயிரம்.

அதனால் ஆயில் வாங்கினேன், கால் கால் லிட்டராய்.
ராத்திரிகளில் இன்ஜினுக்கு அடியில்
இன்னும் எண்ணெய் காட்டாத ஸ்ப்ளிட் தோல் ஒன்றை விரித்தேன்,
வேஸ்ட்டில் போனது, அப்பளம் மாதிரி விறைத்தது.
ஒரு வாரத்தில் மடித்தால் மடிந்தது.
இரண்டாம் வாரம்,
டிரம்மில் மணிக்கணக்காய்ச் சுற்றி
நாங்கள் வரவழைக்கிற மென்மை
அதற்குச் சும்மா கிடந்தே வந்துவிட்டது.

முத்துக்கடை இஸ்ரார்
சந்தேகத்துக்கு விலை சொல்ல மாட்டார்.
மண்ணெண்ணெயில் இன்ஜினைக் குளிப்பாட்டி, துடைத்து, காயவைத்து,
"வூட்ல பவுடர் கீதா?" என்றார்.
வனமயிலின் சந்தனப் பவுடர், புது டப்பா.
முழுசையும் கொட்டி அப்பினார்.
"வாலாஜா டோல்கேட் வரிக்கும் போய் வா."

போனோம். அவளும் வந்தாள்,
பவுடருக்குக் காவல் போல.
வென்ட் வழியாய் வந்தது
கல்யாண வீடும் பெட்ரோல் பங்கும் கலந்த வாசனை.
சிரிக்கக் கூடாதென்று
அவள் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள்.
தோள் குலுங்கியது.

பானெட்டைத் திறந்தால்
வெள்ளை, மொத்தமும் வெள்ளை.
டிஸ்ட்ரிபியூட்டர் அடியிலிருந்து மட்டும்
ஈரமாய் ஒரு கோடு
கியர்பாக்ஸ் மேல் வளைந்து, இறங்கி,
சீல் போனால் எங்கே சொட்டுமோ
அங்கேயே போய்ச் சொட்டியது.
"பழிய எவன் தலைல போட்டுகீது பாரு" என்றார் இஸ்ரார்.
ஓ ரிங். நாற்பது ரூபாய்.
கூலி இருநூறு.
பவுடர் நூற்றிப் பத்து.

ஞாயிறு காலை ஐந்தரைக்கு,
சர்ஃபும் மரத்தூளும் போட்டுத் தேய்த்தும் போகாத
அந்த நான்கு கல்லுக்காக
சாம்பிள் பாட்டிலில் மிச்சமிருந்த பிக்மென்ட்டைக் கலந்தேன்:
வெள்ளை மூன்று, கறுப்பு ஒன்று,
மஞ்சள் ஒரு குச்சி நுனி.
பஞ்சால் ஒத்தி எடுத்தேன்.
எது எந்தக் கல் என்று எனக்கே தெரியவில்லை.

வெயில் ஏறியதும் தெரிந்தது.
ஷேடை வெளிச்சத்தில் பாருடா என்று
வருகிற பையன்களிடமெல்லாம் சொல்கிறவன்
இருட்டில் கலந்திருக்கிறேன்.
மீதிக் கல் எல்லாம் நாற்பது நாளில் வெளுத்திருந்தன.
நான்கு மட்டும் இன்றைக்குத்தான் லாரியிலிருந்து இறங்கின மாதிரி.

அப்பாண்டைராஜ் பேப்பரோடு வந்து
வெகுநேரம் நின்றார்.
"இந்த நாலு மட்டும் எப்பிடி புச்சா கீது?
மீதிக்கும் இதே மாதிரி பண்ணித் தர்றியா?"

பதில் சொல்லாமல்
புதிதாய் விரித்த தோலின் மேல்
காலை நகர்த்தி வைத்துக்கொண்டேன்.
அதில் ஒரு சொட்டு,
மிளகு அளவு.
லைட் டான்.
வேறு எங்கிருந்தோ.